சத்தம் போடாத கோடை உடைகள்: முதல்முறை ஃபேஷன் ஷோவுக்குப் போகிறவர்களுக்கு

நான் முதன்முதலில் நேரில் பார்த்த ஷோவில் மொத்தம் 36 உடைகள். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் 17 வீடியோக்கள். எல்லாவற்றிலும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் கொண்டை மட்டும் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. "ஒரு வெள்ளைச் சட்டை வந்ததாமே, அதன் முதுகில் என்ன செய்திருந்தார்கள்?" என்று தோழி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கைக்கெட்டும் தூரத்தில்தான் அந்தச் சட்டை என்னைத் தாண்டிப் போனது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரிகையும் சிறகுமாக வருகிற ஷோவை எப்படிப் பார்த்தாலும் ஏதோ ஒன்று கண்ணில் ஒட்டிக்கொள்ளும். அடக்கமான கோடை உடைகளின் ஷோ அப்படியில்லை. வெள்ளை, மணல் நிறம், வெளிர் சாம்பல், மறுபடியும் வெள்ளை. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் போனால் பத்துச் சட்டையும் ஒரே சட்டையாகத் தெரியும். "இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்று எழுந்து வந்துவிடுவோம். அதனால் உள்ளே போகும் வழியைக் கொஞ்சமாகவும், போன பிறகு கண்ணை எங்கே வைப்பது என்பதை நிறையவும் எழுதுகிறேன்.

எப்போது நடக்கும்

கோடை உடைகளைக் கோடையில் காட்ட மாட்டார்கள். புதியவர்கள் முதலில் குழம்பும் இடம் இதுதான். நியூயார்க், லண்டன், மிலன், பாரிஸ் என்ற வரிசையில் நடக்கும் நான்கு பெரிய ஃபேஷன் வாரங்களில், அடுத்த ஆண்டுக்கான வசந்த-கோடை உடைகள் செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் ரேம்ப் ஏறும். ஆண்கள் உடை என்றால் மிலனிலும் பாரிஸிலும் ஜூன் மாதம். ஷோவைப் பார்த்த பிறகுதான் கடைக்காரர்கள் ஆர்டர் கொடுப்பார்கள். அதன்பின் துணி வாங்கி, வெட்டி, தைத்து, கடைக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். ஆகவே அழைப்பிதழில் அடுத்த ஆண்டின் எண் இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். 2016-இல் பர்பெரி நிறுவனம் ஷோ முடிந்த கையோடு விற்பனையைத் தொடங்கிப் பார்த்தது. வேறு சிலரும் அந்த வழியில் போனார்கள். ஆனால் தொழில் பெரும்பாலும் பழைய காலக்கணக்கிலேயே ஓடுகிறது.

அழைப்பு வாங்குவது

ஷோ என்பது அடிப்படையில் வியாபாரக் கூட்டம். 1943-இல் மக்கள் தொடர்பாளர் எலினார் லாம்பர்ட் நியூயார்க்கில் தொடங்கிய 'பிரஸ் வீக்' பெயரிலேயே பத்திரிகைக்காரர்களுக்கானது. போர்க்காலத்தில் பாரிஸுக்குப் போக முடியாமல் இருந்த அமெரிக்கப் பத்திரிகைகளைச் சொந்த நாட்டு டிசைனர்கள் பக்கம் திருப்புவதற்காக அவர் செய்த ஏற்பாடு அது. இன்றும் இருக்கைகளில் பெரும்பகுதி கடைகளுக்காகக் கொள்முதல் செய்பவர்கள், பத்திரிகையாளர்கள், ஸ்டைலிஸ்டுகள், டிசைனரின் நெடுநாள் வாடிக்கையாளர்கள் ஆகியோருக்குத்தான். டிக்கெட் விற்கிற ஷோ குறைவு. அதற்காக வழியே இல்லை என்று இல்லை.

சுலபமான வழி, ஃபேஷன் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர் ஷோ. பலவற்றில் பொதுமக்களை அனுமதிப்பார்கள். மாணவர் ஷோவில் அடக்கமான உடைகள் குறைவாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் ஒரே மேடையில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை இருக்கும். பரவாயில்லை, கண்ணைப் பழக்குவதற்கு அது போதும்.

அடுத்தது, டிசைனரின் மக்கள் தொடர்பு அலுவலகத்துக்கு எழுதுவது. ஷோவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே எழுதுங்கள். நீங்கள் யார், எங்கே எழுதுகிறீர்கள் அல்லது என்ன படிக்கிறீர்கள், இந்த டிசைனரின் எந்த உடை உங்கள் கவனத்தில் நின்றது, உட்கார இடமில்லாவிட்டால் நிற்கத் தயாரா என ஐந்தாறு வரி போதும். "உங்கள் தீவிர ரசிகை" என்ற வரி அவர்களுக்கு ஒரு நாளைக்கு நூறு முறை வரும். "சென்ற கோடைக் கலெக்ஷனில் பாக்கெட்டைப் பக்கத் தையலுக்குள் ஒளித்திருந்தீர்கள்" என்ற வரி எப்போதாவதுதான் வரும். இடம் கிடைத்தால் உடனே உறுதிசெய்யுங்கள். அழைப்பு ஒருவருக்குத்தான், கூட ஒருவரை அழைத்துப் போகாதீர்கள். போக முடியாமல் போனால் ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுங்கள். காலி நாற்காலியை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது: மேடைக்குப் பின்னால் உடை மாட்டிவிடும் உதவியாளராகப் போவது. இதை 'டிரெஸ்ஸர்' என்பார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு ஸ்டாண்டு, அதில் வரிசைப்படி தொங்கும் உடைகள், மேலே முழு அலங்காரத்தின் போட்டோ, கீழே செருப்பு. நீங்கள் ஷோவைப் பார்க்க முடியாது. ஆனால் ஒரு சட்டையின் உள்பக்கத் தையலைக் கையில் பிடித்துப் பார்ப்பீர்கள். அது முன்வரிசைக்காரருக்குக்கூடக் கிடைக்காத பார்வை.

எதுவும் அமையாவிட்டால் நேரலை இருக்கவே இருக்கிறது. 1998-இல் டிசைனர் ஹெல்முட் லாங் தன் கலெக்ஷனை இணையத்தில் காட்டியபோது அது விநோதமாகத் தெரிந்தது. இப்போது அதுதான் வழக்கம். திரையில் உடையின் வெட்டு, வடிவம் இரண்டும் தெரியும். துணியின் எடை மட்டும் தெரியாது.

உடுத்துவதும் எடுத்துப்போவதும்

இதற்காக ராத்தூக்கம் கெட வேண்டாம். நாற்பது ஆண்டுகளாக ஃபேஷனைப் படமெடுத்த பில் கன்னிங்ஹாம் போட்டுக்கொண்டது பிரெஞ்சுத் தொழிலாளர்கள் அணியும் நீலச் சட்டைக்கோட்டுதான். நன்றாகத் தேய்த்த, உங்களுக்கு ஏற்கெனவே பழகிய உடை போதும். அந்த டிசைனரின் உடையையே போட்டுக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விளிம்பு அகன்ற தொப்பி வேண்டாம், உயரக் கொண்டை வேண்டாம். பின்னால் இருப்பவரின் சாபம் பொல்லாதது. ஒரு மணி நேரம் கான்கிரீட் தரையில் நிற்கக்கூடிய செருப்பு முக்கியம். சிறிய பை. சின்ன நோட்டு ஒன்று, பேனா இரண்டு. அடையாள அட்டையும் அழைப்பும் போனில் இருந்தால் போன் சார்ஜ் முழுதாக இருக்கட்டும்.

வாசலில்

அழைப்பில் போட்ட நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள். ஷோ பெரும்பாலும் இருபது, முப்பது நிமிடம் தாமதமாகத்தான் தொடங்கும். முந்தைய ஷோவிலிருந்து மாடல்கள் வந்து சேர வேண்டும், அவர்களுடைய முடியைக் கலைத்து மறுபடி சீவ வேண்டும். நியூயார்க் டிசைனர் மார்க் ஜேக்கப்ஸின் 2007 செப்டம்பர் ஷோ இரண்டு மணி நேரம் தாமதமாகி ஊரெல்லாம் பேச்சானது. பின்னாளில் அவரே குறித்த நேரத்துக்குத் தொடங்குபவர் என்று பெயர் வாங்கினார். அதனால் தாமதத்தை நம்பி நீங்களும் தாமதமாகப் போகாதீர்கள்.

அழைப்பில் பகுதி, வரிசை, இருக்கை எண் இருக்கும். 'நின்று பார்ப்பவர்' என்று இருந்தால் மனம் தளர வேண்டாம். தொடங்கப்போகும் நேரத்தில் காலியாக இருக்கும் இருக்கைகளை நிரப்ப ஊழியர்கள் நிற்பவர்களைக் கூப்பிடுவார்கள். கண் முன்னே கேமராக்கள் இருக்கின்றன, காலி இருக்கை படத்தில் விழக் கூடாது. கூப்பிட்டதும் வேகமாகப் போய் உட்காருங்கள். கூப்பிடும் முன் நீங்களாகப் போய் உட்கார்ந்து, உரியவர் வந்து எழுப்பினால் அந்த அவமானம் ஷோ முழுக்கக் கூடவே இருக்கும்.

எங்கே நிற்பது என்று தேர்ந்தெடுக்க முடிந்தால் மாடல்கள் திரும்புகிற மூலையைப் பிடியுங்கள். இப்போது நிறைய ஷோக்களில் உயர்ந்த மேடை கிடையாது. மாடல்கள் தரையிலேயே நடக்கிறார்கள். மூன்றாம் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியாது. கோடை உடையில் பாதிக் கதை கீழ் ஓரத்தில்தான் இருக்கிறது.

விளக்கு அணைவதற்கு முன்

இருக்கையில் ஒரு தாள் வைத்திருப்பார்கள். டிசைனரின் குறிப்பு, சில சமயம் எண் போட்ட உடைப் பட்டியல். குறிப்பில் இருக்கும் கவிதையைத் தாண்டிப் போய்த் துணிகளின் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அதுதான் உங்கள் பாடப்புத்தகம்.

ரேம்பின் கடைசியில், மாடல்களுக்கு நேரெதிரே, படிப்படியாக ஏறிய மேடையில் போட்டோகிராபர்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். என் இரண்டாவது ஷோவில் முன்வரிசையில் ஓர் இருக்கை காலியாகி என்னை உட்கார வைத்தார்கள். பெருமை தாங்கவில்லை. கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். "கால்! கால்! அந்தப் பச்சைச் சட்டை, காலை இறக்கு!" என்று முப்பது பேர் ஒரே குரலில் கத்தினார்கள். பச்சைச் சட்டை நான்தான். நீட்டிய பாதம் ஒன்று படத்தில் விழுந்தால் அந்தக் கோணத்தில் எடுக்கும் ஒவ்வொரு படமும் கெடும். முன்வரிசையில் கால் இரண்டும் தரையில், பை பெஞ்சுக்கு அடியில். ஃபிளாஷ் அணைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எப்போது தொடங்கும் என்று எப்படித் தெரியும்? நடைபாதையின் மேல் செருப்புத் தடம் படாமலிருக்க பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தால் அதைக் கவனியுங்கள். இரண்டு பேர் வந்து அதைச் சுருட்டி இழுக்கத் தொடங்கினால் இன்னும் ஓரிரு நிமிடம்தான். போனைப் பைக்குள் போடும் நேரம் அது.

அந்தப் பத்து நிமிடம்

ஷோ பத்திலிருந்து பதினைந்து நிமிடம். நாற்பது உடை, பத்து நிமிடம் என்றால் ஓர் உடைக்குச் சராசரியாகப் பதினைந்து விநாடி. அதற்குள் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதையும் பார்க்க மாட்டோம். நான் செய்வது இதுதான்: முதல் ஐந்து உடைகளில் தோளை மட்டும் பார்ப்பேன். அடுத்த ஐந்தில் கீழ் ஓரம் மட்டும். அதற்குள் கண் பழகிவிடும். அப்புறம் தானாகவே இடம் தேடிப் போகும்.

தோளில் என்ன இருக்கிறது? கோடைக் கோட்டின் கதையே அங்கேதான். 1970களில் இத்தாலிய டிசைனர் ஜியார்ஜியோ அர்மானி கோட்டுக்குள் விறைப்புக்காக இருந்த கேன்வாஸ், தோள் பேடு, லைனிங் எல்லாவற்றையும் எடுத்தும் குறைத்தும் தைக்க ஆரம்பித்தார். கோட்டு சட்டையைப் போல உடம்பில் விழுந்தது. ஆனால் உள்ளே தாங்க ஒன்றும் இல்லாதபோது வெட்டில் செய்த தவறு எதையும் மறைக்க முடியாது. மாடல் நடக்கும்போது கை முன்னும் பின்னும் போகும். அப்போது கோட்டின் முன்பக்கம் முழுவதும் கூடவே தூக்கிக்கொண்டு போகிறதா, கை மட்டும் போய் உடம்புப் பகுதி அசையாமல் நிற்கிறதா? அசையாமல் நின்றால் அக்குள் வெட்டு உயரமாக, சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள். லைனிங் இல்லாத கோட்டு காற்றில் விலகினால் உள்பக்கம் பாருங்கள்: தையல் ஓரங்களைத் துணிப்பட்டி வைத்து மூடித் தைத்திருக்கிறார்களா, வெறும் ஓவர்லாக்கோடு விட்டிருக்கிறார்களா? பின்வரிசைக்கு இது தெரியாது. மூலையில் நிற்பவருக்குத் தெரியும்.

கீழ் ஓரத்துக்கு வருவோம். நம் டெய்லர்கள் கிராஸ் கட்டிங் என்பார்களே, துணியின் நூலோட்டத்துக்கு 45 டிகிரி சாய்த்து வெட்டுவது, அதை முழு உடைக்கும் கொண்டுபோய்ப் பெயர் வாங்கியவர் 1920களின் பாரிஸில் மேட்லின் வியோனெ. அப்படி வெட்டிய துணி உடம்போடு இழுபட்டுக்கொடுக்கும். பின்னலோ எலாஸ்டிக்கோ தேவையில்லை. ஆனால் தொங்கத் தொங்க நீளும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக நீளாது. தைப்பதற்கு முன் துணியைத் தொங்கவிட்டு, நீண்டு முடித்த பிறகே ஓரத்தைச் சமப்படுத்தி மடிக்க வேண்டும். அவசரப்பட்டிருந்தால் மாடல் நிற்கும்போது பாவாடையின் ஓரம் அலையடிப்பது தெரியும்.

துணியைத் தூரத்திலிருந்து எப்படி அடையாளம் காண்பது? விழும் விதத்தைப் பாருங்கள். லினன் ஆளிச்செடியின் தண்டு நாரிலிருந்து வருவது. அந்த நார் இழுபடாது, அதனால்தான் மடங்கிய இடம் அப்படியே கோடாக நிற்கும். முழங்கையிலும் இடுப்பு மடிப்பிலும் கூர்மையான கசங்கல் தெரிந்தால் லினன் என்று நம்பலாம். உடை மாட்டிய பிறகு மாடல்களை உட்கார விட மாட்டார்கள், வரிசையில் நிற்கும்போதுகூட ஸ்டீமரோடு ஒருவர் சுற்றிக்கொண்டிருப்பார். அப்படியும் ஒரு லினன் உடை கசங்கி வருகிறது என்றால் டிசைனர் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார். பாப்ளின் பருத்தி விறைப்பாக நிற்கும், நடக்கையில் மெல்லிய தாள் சத்தம் வரும். 'வாயில்' (voile) என்ற துணி முறுக்கேறிய மெல்லிய நூலில் நெய்தது. வெளிச்சம் ஊடுருவும், கால் நிழலாகத் தெரியும். சுருக்கம் சுருக்கமாகப் பட்டை ஓடினால் அது சீர்சக்கர். நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களில் ஒரு பட்டையை இறுக்கியும் அடுத்ததைத் தளர்த்தியும் நெய்வதால் தளர்ந்த பட்டை பொங்கி நிற்கிறது; அதனால் துணி தோலில் ஒட்டாது, இடையில் காற்று ஓடும். பாரசீக மொழியில் பாலும் சர்க்கரையும் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். ஒரு பட்டை வழவழ, அடுத்தது மொரமொர.

நிறத்தை மட்டும் அங்கே வைத்துத் தீர்மானிக்காதீர்கள். விளக்குகள் கேமராவுக்காக அமைத்தவை. மேடையில் பால்வெள்ளையாகத் தெரிந்தது பகல் வெளிச்சத்தில் வெளிர் மஞ்சளாக இருக்கும்.

பாக்கெட்டைக் கவனியுங்கள். மாடல் கையை உள்ளே விட்டிருந்தால் டிசைனர் அதைக் காட்டச் சொல்கிறார். கையை எடுத்த பிறகு பாக்கெட் வாய் திறந்தே நிற்கிறதா, மூடிக்கொள்கிறதா?

பிறகு முதுகு. மாடல் உங்களைத் தாண்டியதும் எல்லாத் தலைகளும் அடுத்தவரைப் பார்க்கத் திரும்பும். நீங்கள் மட்டும் இரண்டு விநாடி கூடுதலாகப் போகிறவரையே பாருங்கள். முன்பக்கம் ஒன்றுமே இல்லாத சட்டையை வைத்துவிட்டு, முழு வேலையையும் பின்னால் செய்யும் டிசைனர்கள் உண்டு. தோளுக்குக் கீழே ஒரே ஒரு ஆழ மடிப்பு. நடக்கும்போது காற்று புகுந்து அது திறந்து மூடும். நான் தவறவிட்ட அந்த வெள்ளைச் சட்டையின் முதுகில் அதுதான் இருந்தது. வேறொருவர் எடுத்த படத்தில் பார்த்தேன்.

குறிப்பு எழுதுவதற்குப் பழைய பாரிஸ் சலோன்களின், அதாவது டிசைனர்கள் வாடிக்கையாளருக்கு உடை காட்டிய கூடங்களின், முறையே இன்னும் உதவுகிறது. அங்கே மாடல்கள் உடையின் எண்ணைக் கையில் அட்டையாகப் பிடித்து வருவார்கள். பார்ப்பவர்கள் வேண்டிய எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். டிசைனர் பாலென்சியாகாவின் சலோனில் இசைகூடக் கிடையாது. நீங்கள் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வாருங்கள். எண்ணும் ஒரு சொல்லும் போதும். '12 முதுகு.' '19 பாக்கெட்.' இருட்டில் நோட்டைப் பார்க்காமல் எழுதிப் பழக வேண்டும். எண்ணிக்கை நடுவில் தவறினால் கவலைப்படாதீர்கள், நிறத்தை எழுதுங்கள், பிறகு படங்களோடு ஒப்பிட்டுச் சரிசெய்யலாம்.

நடுவில் கைதட்டத் தேவையில்லை. கடைசியில் எல்லா மாடல்களும் வரிசையாக ஒருமுறை சுற்றி வருவார்கள். அப்போது தட்டுங்கள், தட்டிக்கொண்டே நோட்டில் கேள்விக்குறி போட்டு வைத்த எண்களை இரண்டாம் தடவை பாருங்கள். டிசைனர் வருவார், ஒரு வணக்கம், அவ்வளவுதான். அடக்கமான உடை செய்பவர்கள் திரைக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டிவிட்டு மறைவதையும் பார்த்திருக்கிறேன்.

முடிந்த பிறகு

விளக்கு எரிந்ததும் கூட்டம் மொத்தமும் நடைபாதையைக் குறுக்கே கடந்து ஓடும்; அடுத்த ஷோவுக்குப் போக வேண்டிய அவசரம். நீங்கள் ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்து நோட்டை நிரப்புங்கள். வெளியே போய் ஒருவரோடு பேசிவிட்டால் அவருடைய கருத்தும் உங்களுடையதும் கலந்துவிடும். பேக்ஸ்டேஜுக்குத் தனிப் பாஸ் இல்லாமல் முயல வேண்டாம்.

அடுத்த சில நாட்களில் பத்திரிகையாளர்களும் கொள்முதல்காரர்களும் ஷோரூமில் அதே உடைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். உங்களை அழைத்தவரிடமே "அரை மணி நேரம் வந்து பார்க்கலாமா" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, பலமுறை மறுப்பார்கள், சிலமுறை கிடைக்கும். கிடைத்தால் நோட்டில் குறித்த நாலைந்து எண்களை மட்டும் எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். தொடும் முன் கேட்டுவிட்டுத் தொடுங்கள். என்ன நார், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், தண்ணீரில் துவைக்கலாமா, கடைக்கு வரும்போதும் இதே துணிதானா என்று விசாரியுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். ரேம்பில் வந்ததெல்லாம் தயாரிப்புக்குப் போவதில்லை, போவதும் சில சமயம் துணி மாறிப் போகும்.

ஷோரூம் கிடைக்கவில்லை என்றால் கடைக்கு வரும்வரை பொறுங்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். '12 முதுகு' என்று எழுதிய சட்டையைப் போட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். மடிப்பு திறக்கும். கையை இறக்கியதும் அது தானாக மூடுகிறதா என்று பாருங்கள். மூடினால் சட்டையைக் கழற்றி, உள்பக்கம் திருப்பி, அந்த மடிப்பின் மேல்முனையை எப்படித் தைத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.